டப்பிக்கு வெளிக்கி

அம்மா தினமும் காலை நாலே முக்காலுக்கு எழுந்து, குளித்து, ஈரத்தலையோடு சாமி ரூமுக்குள் போவாள். அந்த வெள்ளிக்கிழமை போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"ஏலே, எந்திரி. ஒன் நாய் பிள்ளையாருக்கு முன்னால மோண்டு வச்சிருக்கு. வந்து பாரு வா."

போய்ப் பார்த்தேன். மோண்டது மட்டும் இல்லை. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. செய்தவன் ஹாலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்து வாலை ஆட்டினான். அவன் வீட்டுக்கு வந்து அன்றைக்கு மூன்றாவது நாள்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது, வெள்ளைச் சடை, ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நாமெல்லாம் பொமரேனியன் என்று சொல்லிப் பழகிய, ஆனால் இந்தியன் ஸ்பிட்ஸ் என்று சொல்ல வேண்டிய சாதி. 1994இல் 'ஹம் ஆப்கே ஹே கோன்' என்று ஒரு இந்திப் படம் வந்ததே, அதில் டஃபி என்று ஒரு வெள்ளை நாய் வீடு முழுக்க ஓடித் திரியும். அதே சாதி. பெங்களூரில் இவனை வளர்த்தவர்கள் அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வெளிநாட்டுக்கு மாற்றல் வந்தது, நானும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற வசதியோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காரில் ஒரு பெட்டி இடம் இருந்தது. அப்படி வந்தவன். அம்மா வாயில் டஃபி நுழையவில்லை. உப்பு டப்பி, சீரக டப்பி வரிசையில் அவனும் ஒரு டப்பி ஆனான்.

எங்கள் ஊர் திருவேங்கடம். 2019 நவம்பரில் திருநெல்வேலியைப் பிரித்ததிலிருந்து நாங்கள் தென்காசி மாவட்டம். வெளியூர் நண்பர்கள் 'அடடா, குற்றாலம் பக்கமா' என்று பெருமூச்சு விடுவார்கள். மாவட்டம்தான் பக்கம். சாரல் அங்கேயே நின்றுவிடும், எங்களுக்கு வந்து சேர்வது ஆடிக் காற்று மட்டும். கரிசல் மண், சீமைக் கருவேலம், தீப்பெட்டி ஆபீஸ். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் மாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

அதிலும் இது நாய்க்குப் பேர்போன வட்டாரம். ஒரு பக்கம் ராஜபாளையம், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்திலேயே சிப்பிப்பாறை. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே போட்டார்கள். அப்படி ஒரு பூமியில் டப்பியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? டீக்கடையில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, சிப்பிப்பாறைய வச்சிருக்கவன் தெருப் பக்கம் போயிராதீய. மொயலுன்னு நெனச்சி வெரட்டிரும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

இங்கே நாயை வீட்டுக்குள் பழக்குவது என்று ஒரு வேலையே இருந்ததில்லை. ஆட்டுக்கிடையில் இருக்கிற நாய்க்கு வானம்தான் கூரை. வீட்டு நாய் என்றாலும் அது வாசலைத் தாண்டாது, திண்ணைக்குக் கீழே சாக்கில் படுத்துக்கிடக்கும். எங்கே போனது வந்தது என்று யாரும் பார்த்ததில்லை. இன்னும் யோசித்தால் மனிதர்களுக்கே அப்படித்தான். காலைக்கடனுக்கு எங்கள் பக்கத்துச் சொல் 'வெளிக்கிப் போறது'. வீட்டுக்குள் கக்கூஸ் கட்டிய பிறகும் சொல் மாறவில்லை. "வெளிக்கி வருதுன்னு உள்ள போயிருக்கான்" என்று அம்மா என்னைப் பற்றி யாரிடமோ போனில் சொல்லியிருக்கிறாள். டப்பி விஷயத்திலும் அவளுடைய முதல் கேள்வி இதுதான்: "எனக்கு நாப்பது வயசு வரைக்கும் நாங்கல்லாம் ஓடைப் பக்கம் வெளிக்கித்தான் போனோம். இவனுக்கு மட்டும் சாமி ரூம்பு கேக்கோ?"

முதல் பத்து நாளில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தோம்.

அம்மா பினாயிலை ஊற்றினாள். மறுநாள் அதே இடம். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அதே இடம். பக்கத்து வீட்டுத் தொழுவத்திலிருந்து கோமியம் வாங்கி வந்து தெளித்தாள். டப்பிக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. ஏற்கெனவே தன் விலாசத்தை எழுதி வைத்திருக்கிற இடத்தில் ஒரு பசுமாடு வந்து மேலே எழுதிவிட்டுப் போனால் எந்த நாய் சும்மா இருக்கும்? நமக்கு மூக்கில் மணம் பிடிக்கிற அணுக்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்குப் பத்துக் கோடிக்கும் மேல். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அதற்கு அடியில் இருக்கிற பழைய வாசம் அவனுக்குப் பலகை வைத்த மாதிரித் தெரிந்துகொண்டே இருக்கும். கடைசியில் என்சைம் கலந்த திரவம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பினாயில் மிச்சம் இருந்தால் அது சரியாக வேலை செய்யாது, வெறுந்தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு இதை ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். ஊற்றியவுடன் துடைத்தால் காசுக்குப் பிடித்த கேடு. முதல் பாட்டிலை அப்படித்தான் வீணாக்கினேன்.

நான் செய்த தப்பு திட்டியது. இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், காட்டி, "என்னடா இது?" என்று கத்தினேன். அவன் காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணைக் கீழே போட்டான். 'பாரு, தப்புன்னு தெரியுது அவனுக்கு' என்று நினைத்துக்கொண்டேன். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற நாய் ஆராய்ச்சியாளர் 2009இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வைப் பிறகுதான் படித்தேன். பதினாலு நாய்கள். தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தை சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. ஆனால் அந்தக் குற்ற முகம், தின்றதா இல்லையா என்பதைப் பார்த்து வரவில்லை. வளர்த்தவர் திட்டினாரா என்பதைப் பார்த்துத்தான் வந்தது. தின்னாத நாயைத் திட்டினாலும் அதே முகம். ஆக டப்பி என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. 'இந்த ஆளுக்குக் காலையில் என்னமோ ஆகிவிடுகிறது' என்று பயந்திருக்கிறான். என் திட்டில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: என் கண்ணுக்கு எதிரில் போகக்கூடாது. அதன் பிறகு வெளியே கூட்டிக்கொண்டு போனால் அரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பான். உள்ளே வந்து நான் திரும்பினதும் சாமி ரூம்.

கால்நடை டாக்டரிடமும் காட்டினேன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் வரிசையில் நின்றோம். வயது வந்த நாய் கண்ட இடத்தில் நீர் கழித்தால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், நிறையத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை, சிறுநீரகம் என்று யோசிக்க வேண்டும் என்றார். ஒன்றும் இல்லை. "ஆரோக்கியமா இருக்கான்" என்றார். அதுதான் தெரிகிறதே.

அன்றைக்கு ராத்திரி பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், நாயைப் பழக்கவே இல்லையா என்று. அவருக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் சொல்றீங்க? அஞ்சு வருஷத்துல ஹால்ல ஒரு தடவைகூடப் போனதில்லை. பால்கனில ஒரு மூலை. அங்கதான் போவான். நாங்க ஹோஸ் பைப் வச்சுக் கழுவி விட்டுருவோம்."

பால்கனியில் தரை என்ன என்று கேட்டேன்.

"வெள்ளை டைல்ஸ்."

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஹால் தாத்தா காலத்துச் சிவப்பு சிமெண்டுத் தரை. அடுப்படியும் அதேதான். குளியலறையில் சொரசொரப்பான சாம்பல் கல். இந்த வீட்டில் வழுவழுவென்று வெள்ளை டைல்ஸ் போட்ட இடம் ஒன்றே ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால், அம்மாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு, நானே காசு கொடுத்துப் போட்டது.

நாய்க்குட்டிகள் பிறந்த சில வாரங்களிலேயே காலுக்கடியில் எது இருந்தால் அது கழிப்பிடம் என்று முடிவு செய்துகொள்ளும் என்கிறார்கள். புல்லில் பழகியது புல்லைத் தேடும், செய்தித்தாளில் பழகியது செய்தித்தாளைத் தேடும். (பழைய சொந்தக்காரர் வீட்டில் தினசரியில் பழகிய நாய் ஒன்று, புது வீட்டில் மேசை மேல் கிடந்த ஞாயிறு இணைப்பிதழில் போனதாக ஒரு நண்பர் சொன்னார். விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளலாம்.) டப்பி மூன்று நாள் இந்த வீடு முழுக்கத் தேடி, தனக்குத் தெரிந்த சரியான இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறான். கரிசல் மண்ணை அவன் அதுவரை மிதித்ததே இல்லை. வெளியே விட்டால் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறிக்கொண்டு நிற்பான், அடுப்பில் கால் வைத்தவன் மாதிரி.

பெரிய மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. காளை பழக்குகிற ஆள் அவர், அந்தக் காலத்தில். ஏரில் பூட்டுகிற ஜோடியில் இடத்தன், வலத்தன் என்று உண்டு. இடப்பக்கம் பழகின மாடு கடைசி வரை இடப்பக்கம்தான்.

"மருமகனே, சந்தையில வலத்தன வாங்கிட்டு வந்து எடது பக்கம் பூட்டிட்டு, மாடு சண்டித்தனம் பண்ணுதும்பான். மாட்டு மேல தப்பு இல்ல. கண்ணுக்குட்டியப் பழக்குதது சுளுவு. பழகுன மாட்டப் பழக்கணும்னாத்தான் ஆளு பழகணும்."

எப்படி மாமா மாற்றுவீர்கள் என்று கேட்டேன். "கொஞ்ச நாள் அது போக்குல போயி, நைசாத் திருப்பணும்" என்றார்.

அது போக்கில் போனோம். சாமி ரூம் வேலையில் மிஞ்சிய டைல்ஸ் நாலு, மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் சதுரமாகப் பதித்தேன். அவன் மோண்டதைத் துடைத்த பழந்துணியை மேலே ஒரு தேய்ப்பு. சாமி ரூம் கதவு இருபத்து நாலு மணி நேரமும் சாத்தல். அம்மா அதற்கே ஒரு நாள் பேசவில்லை.

அடுத்தது நேரம். இதில்தான் எல்லாமே இருக்கிறது என்று இப்போது சொல்வேன். வயிறு நிறைந்ததும் குடல் அசையத் தொடங்கும், அது நமக்கும் நாய்க்கும் பொது. சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் போயாக வேண்டும். தூங்கி எழுந்ததும் போக வேண்டும். ஓடி விளையாடினால் போக வேண்டும். எனவே தட்டில் எப்போதும் சோறு வைத்திருக்கிற வழக்கத்தை நிறுத்தினேன். காலை ஏழு, மாலை ஆறரை. உள்ளே போகிற நேரம் தெரிந்தால் வெளியே வருகிற நேரமும் தெரிந்துவிடும். வளர்ந்த நாய் ஆறு, எட்டு மணி நேரம்கூட அடக்கும் என்றாலும், சின்ன உடம்புக்குச் சின்னப் பைதானே. முதல் இரண்டு வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன்.

இடைப்பட்ட நேரத்தில்? கூண்டுக்குள் விடு, படுக்கிற இடத்தை நாய் அசுத்தம் செய்யாது என்பார்கள். டப்பிக்கு ஐந்து வருடமாகப் படுக்கையும் கழிப்பிடமும் அதே பால்கனி. அந்தக் கூச்சம் அவனுக்கு எப்போதோ போய்விட்டது. அதனால் மெல்லிய கயிறு ஒன்றை அவன் பட்டையில் கட்டி மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது கயிறு சுண்டும். மோந்துகொண்டே வட்டம் போட ஆரம்பித்திருப்பான். 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு நாயோடு பின்வாசலுக்கு ஓடுகிற ஆளை அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

டைல்ஸ் மேல் போனால் அந்த விநாடியே ஒரு துண்டு அவித்த ஈரல். உள்ளே வந்து பாத்திரத்தைத் திறந்து கொடுத்தால், 'வீட்டுக்குள் வந்தால் ஈரல்' என்றுதான் புரிந்துகொள்வான். சட்டைப் பையில் ஈரல் டப்பாவோடு திரிந்தேன். தெரு நாய்கள் என்னிடம் காட்டிய மரியாதையைப் பற்றித் தனியாக எழுதலாம்.

கணக்கு எழுத தினசரி காலண்டர் தாள். வெளியே போனால் 'வெ', உள்ளே போனால் 'உ'. மூன்றாம் நாள் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "என்னலே இது, தாள் பூராவும் பிள்ளையார் சுழி போட்டிருக்க?" விளக்கம் சொன்னதும் வந்த கோபம் சாமி ரூம் கோபத்தைவிடப் பெரியது. அதற்குப் பிறகு உள்ளே போனால் பெருக்கல் குறி.

ஒரு வாரத்தில் பெருக்கல் குறி பாதியாகியது. இரண்டாம் வாரத்திலிருந்து டைல்ஸ் மேல் தினமும் ஒரு கை மண் போட்டேன். முதலில் ஆற்று மணல், பிறகு கரிசல் கலந்து. மூன்று வாரத்தில் டைல்ஸ் மண்ணுக்குள் போய்விட்டது. அவன் காலுக்கு அது தெரியவே இல்லை. பிறகு மண்ணைத் தோண்டி ஒவ்வொரு டைல்ஸாக உருவினேன். நாலாவதை உருவிய அன்றைக்கும் அதே இடத்தில் போய் நின்றான். முருங்கை மரத்தடிக் கரிசல் மண் அவனுடைய வெள்ளை மூலை ஆகிவிட்டது.

நடுவில் ஒரு புதிர். அக்கா பிள்ளைகள் சென்னையிலிருந்து நாலு நாள் லீவில் வந்திருந்தார்கள். நன்றாக இருந்தவன் திடீரென்று ஒரு நாளைக்கு நாலு தடவை நடுவீட்டில் நின்று மோண்டான். பிள்ளைகள் உற்சாகத்தில் செய்கிறான் என்று நினைத்தேன். அக்காள் மகள்தான் கண்டுபிடித்தாள். "மாமா, நாங்க பாட்டியைக் கூப்பிட்டாப் போறான்!" சோதித்துப் பார்த்தோம். அவள் "பாட்டீ!" என்று கத்தினாள். டப்பி இருந்த இடத்தில் உட்காரப் பார்த்தான். பெங்களூரில் ஐந்து வருடமாக அவனைப் பால்கனியில் நிறுத்திச் சொன்ன ஆங்கிலச் சொல்லும் அதுதானே. எங்கள் ஊர் வழக்கப்படி 'ஆச்சி' என்று கூப்பிட்டு வளர்த்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காது என்று அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். மிச்ச இரண்டு நாளும் பிள்ளைகள் ஆச்சி என்றார்கள். அவனுக்கு ஒரு புதுச் சொல் தேவைப்பட்டது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பின்கதவைத் திறந்து, "ஏ டப்பி, வெளிக்கி" என்றாள். சொல்லும் பொருளும் இத்தனை கச்சிதமாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கட்டில் கால் இவற்றின் மேல் அவன் நாலு சொட்டு விடுவது வேறு கதை. அது அவசரம் இல்லை, எல்லைக்கல் நடுவது. அதற்கு நேரம் பார்த்துக் கூட்டிப்போவது உதவாது. காயடித்த பிறகு கொஞ்ச நாளில் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. இதில் சின்ன நாய்களின் சாமர்த்தியம் தனி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2018இல் ஓர் ஆய்வு வந்தது. குட்டை நாய்கள் பெரிய நாய்களைவிடக் காலை அதிகக் கோணத்தில் தூக்கி, தங்கள் உயரத்துக்கு மீறி மேலே அடிக்கின்றனவாம். மோந்து பார்க்கிறவன் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டும். எங்கள் சிலிண்டரில் இருந்த குறியைப் பார்த்தால் டப்பி ஒரு ராஜபாளையம்.

வாஸ்து பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2013இல் செக், ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் எழுபது நாய்கள் வெளிக்கிப் போனதை ஏறத்தாழ 1,900 தடவை உட்கார்ந்து குறித்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்கு தெற்காக நிற்க விரும்புகின்றன என்று முடிவு. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசு மறு வருடம் அவர்களுக்குக் கிடைத்தது. டப்பியைத் திசைகாட்டி வைத்துப் பார்த்தேன். முருங்கை மரத்தைப் பார்த்து நிற்கிறான். மரம் எங்களுக்குத் தென்கிழக்கு. சாமி ரூம் ஈசான மூலை. அம்மாவிடம் நான் இந்த ஆய்வைச் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது தீபாவளி வந்தது. சிவகாசி பக்கத்தில் இருக்கிற ஊர். கையில் காசு இல்லாதவன் வீட்டிலும் வெடி இருக்கும். முதல் சரம் வெடித்ததும் கட்டிலுக்கு அடியில் போனவன் இரண்டு நாள் அங்கேயே கிடந்தான், அங்கேயே எல்லாமும். கயிறு, ஈரல், காலண்டர் தாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தூசி தட்டினேன். ஆனால் மூன்று வாரம் எடுத்தது இந்தத் தடவை நாலு நாளில் முடிந்தது.

பிறகு ஐப்பசி மழை. கரிசல் மண் நனைந்தால் மண்ணாக இருக்காது, பசையாக மாறிவிடும். ஒரு அடி வைத்தால் காலில் அரைக் கிலோ ஏறும். டப்பி பின்வாசல் படியில் நின்று மண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உள்ளே திரும்பி சாமி ரூம் பக்கம் பார்த்தான். தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் விட்டேன். மழைத்துளி முதுகில் பட்டதும் ஓடி வந்துவிட்டான். இரண்டு தடவை இப்படி. விடிந்தால் ஒரு பெருக்கல் குறி உறுதி என்று படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது மழை விடவில்லை. பின்கதவு திறந்திருந்தது. சேலையை முட்டி வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவுடைய பழைய கறுப்புக் குடையை விரித்தபடி அம்மா முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். குடை அவளுக்கு மேல் இல்லை. தாழ்த்திப் பிடித்திருந்தாள். அதற்கடியில் டப்பி வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தன சுத்துடா சுத்துவ? கோயில் பிரகாரமா இது? வெளிக்கி, வெளிக்கி. எனக்கு வெளக்குப் போட நேரமாச்சு."

அவன் இன்னும் ஒரு சுற்று சுற்றினான்.

சாமி ரூம் கதவை மட்டும் இன்றைக்கும் சாத்தித்தான் வைத்திருக்கிறோம். டைல்ஸை மாற்றி சிவப்பு சிமெண்டு பூசிவிடலாமா என்று அம்மா கொத்தனாரிடம் கேட்டிருக்கிறாள்.